கனடாவில் பி.ஆர். கிடைத்த பிறகு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பி.ஆர். என்பது கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை, அதாவது நிரந்தர வதிவிட அந்தஸ்து. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சனிக்கிழமைகளில் புதிதாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து ஸ்பொன்சரில் வந்தவர்கள், சென்னையில் இருந்து புள்ளிக் கணக்கில் வந்தவர்கள், அகதியாக வந்து வருடக்கணக்கில் காத்திருந்து லாண்டட் ஆனவர்கள் (பி.ஆர். கிடைப்பதைத்தான் லாண்ட் ஆவது என்கிறோம்) என்று எல்லோரும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே வைத்திருக்கிறேன். ஒன்ராறியோ நடைமுறையை வைத்துத்தான் எழுதுகிறேன். வேறு மாகாணம் வேறுபடும் இடத்தில் அதைச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞரிடம் போகவேண்டிய கேள்விகளில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

லாண்டிங் பேப்பரும் பி.ஆர். கார்ட்டும் ஒண்டுதானே? கார்ட் வந்தாப் பேப்பரை எறியலாமோ?

எறியவே வேண்டாம். லாண்டிங் பேப்பர் என்று நாங்கள் சொல்லும் நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரம், எந்தத் தேதியில் உங்களுக்கு இந்த அந்தஸ்து கிடைத்தது என்பதற்கான சான்று. கார்ட் வழக்கமாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். பத்திரம் ஒரேயொரு முறைதான். கனடாவுக்குள் இருந்தே பி.ஆர். ஆனவர்களுக்கு இப்போது அது இணையக் கணக்கில் கோப்பாக வருகிறது. அதை இறக்கி, அச்சடித்து, வீட்டில் ஒரு பிரதியும் மின்னஞ்சலில் ஒரு பிரதியும் வையுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வையுங்கள், கீழே பல இடத்தில் தேவைப்படும். அந்தஸ்து வேறு, கார்ட் வேறு. கார்ட் இருப்பது பயணம் செய்து திரும்பி வருவதற்கு. கார்ட் முடிந்ததால் அந்தஸ்து முடியாது.

ஏர்போர்ட்டில நகையையும் காசையும் சொல்லவேணுமா? சொன்னா வரி அடிப்பாங்களோ?

இரண்டையும் சொல்லவேண்டும். பத்தாயிரம் கனேடிய டாலர் அல்லது அதற்கு மேல் காசு, காசோலை, வங்கிக் கட்டளை எது கொண்டுவந்தாலும் அறிவிப்பது கட்டாயம். அதற்கு வரி கிடையாது. சொல்லாமல் பிடிபட்டால்தான் பறிமுதல், அபராதம் எல்லாம்.

குடியேற வருகிறவர் ஏற்கெனவே சொந்தமாக வைத்துப் பாவித்த பொருட்களுக்குச் சுங்க வரி இல்லை. ஆனால் ஒரு தனிப்பொருள் 10,000 டாலருக்கு மேல் பெறுமதி என்றால், மேலதிகத் தொகைக்கு வரி வரும். எங்கள் ஆட்களில் இதில் அகப்படக்கூடியது தாலிக்கொடி. யாழ்ப்பாணத்துக் கொடியின் பாரம் தெரியும்தானே, தங்கம் விற்கிற விலையில் ஒரு கொடியே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

ஊரிலேயே பட்டியல் போடுங்கள். தாலிக்கொடி 1, அட்டியல் 1, காப்பு 6 என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பெறுமதியும் படமும் சேர்த்து இரண்டு பிரதி. பிறகு கப்பலில் வரும் சாமான் இருந்தால் அதற்குத் தனிப் பட்டியல், முதல் நாளே அதிகாரியிடம் காட்டவேண்டும். முத்திரை குத்தித் தரும் படிவத்தைத் தொலைக்காதீர்கள். இரண்டு வருடம் கழித்து ஊர்க் கலியாணத்துக்கு அதே நகையைப் போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வரும்போது, இது எப்போது வாங்கியது என்று கேட்டால் அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

நாங்க வந்து ஏழு மாசம் ஆச்சு, கார்ட் இன்னும் வரலை. யாரைக் கேக்கிறது?

முதலில், கனடா முகவரியை 180 நாளுக்குள் கொடுத்தீர்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் முதல் கார்ட் கட்டணமில்லாமல் வரும். கொடுக்காமல் விட்டிருந்தால் புதிதாக விண்ணப்பித்து 50 டாலர் கட்டவேண்டும். நட்டம் அந்த 50 டாலர்தான், பி.ஆர். எங்கேயும் போகவில்லை.

கார்ட் கனடா முகவரிக்கு மட்டும்தான் அனுப்புவார்கள். வந்த முதல் மாதங்களில் அண்ணா வீட்டு பேஸ்மென்ட், பிறகு வேறு வாடகை வீடு என்று மாறுவது வழக்கம். ஒவ்வொரு முறையும் குடிவரவுத் திணைக்களத்துக்கு முகவரி மாற்றத்தைச் சொல்லுங்கள். பழைய முகவரியில் கடிதப்பெட்டிச் சாவியே வேறொருவரிடம் இருந்ததால் மாதக்கணக்கில் அலைந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

முதல் கிழமையே எடுக்கவேண்டியது என்ன?

சின் நம்பர், அதாவது வேலைக்கும் வரிக்கும் கேட்கப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம். ஒன்பது இலக்கம், கட்டணம் இல்லை, சர்வீஸ் கனடா என்ற மத்திய அரசு அலுவலகத்தில் நேரிலும் இணையத்திலும் எடுக்கலாம். ஏற்கெனவே மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்தவர்களிடம் 9 இல் தொடங்கும் தற்காலிக இலக்கம் இருக்கும். பி.ஆர். ஆனதும் புதியது எடுத்து, வேலை இடத்துக்கும் வங்கிக்கும் சொல்லவேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

அடுத்தது ஹெல்த் கார்ட், மாகாண அரசின் மருத்துவக் காப்பு அட்டை. ஒன்ராறியோவில் முன்பு மூன்று மாதம் காத்திருக்கவேண்டும், 2020 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மிச்சமும் அதன்மேல் இரண்டு மாதமும் காத்திருக்கவேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்புறுதி எடுங்கள், ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவே தாங்காது. அந்த அட்டைக்குச் சர்வீஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அலுவலகத்துக்குப் போகும்போது லாண்டிங் பேப்பர் அல்லது கார்ட், அடையாளச் சான்று, முகவரிக்கு ஒரு சான்று வேண்டும். முகவரிச் சான்றுக்குத்தான் ஆட்கள் தடுமாறுவது. அதனால் வங்கிக் கணக்கை முதலில் திறந்து, முகவரி போட்ட அறிக்கையை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்ராறியோவில் பன்னிரண்டு மாதத்தில் 153 நாளாவது இருந்தால்தான் இந்தக் காப்பு தொடரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு இன்னும் வேலையே இல்லை. வரி ஃபைல் பண்ணத்தான் வேணுமா?

பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் செய்யுங்கள். வருமானம் பூச்சியம் என்றாலும் செய்யுங்கள். பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவும் சிறு வருமானக் குடும்பங்களுக்கான விற்பனை வரிச் சலுகையும் வரி அறிக்கையை வைத்துத்தான் கணக்கிடப்படும். கணவன், மனைவி இருவரும் தாக்கல் செய்யவேண்டும். ஒருவர் விட்டாலும் காசு நின்றுபோகும். கடைசி நாள் ஏப்ரல் 30.

பிள்ளைக் கொடுப்பனவுக்கு முதல் வரி அறிக்கை வரை காத்திருக்கத் தேவையில்லை. வந்தவுடன் ஆர்சி66 படிவமும், புதிதாக வந்தவர்களுக்கான அதன் இணைப்பும் நிரப்பி அனுப்பலாம். கனடாவுக்கு வருமுன் ஊரில் உழைத்ததை அதில் கேட்பார்கள், உள்ளதை எழுதுங்கள்.

ஊர்ல வீட்டு வாடகை வருது, பாங்க்ல எஃப்.டி. இருக்கு. அது இங்க எதுக்கு?

கனடாவில் வதிவிடவாசி ஆன நாளில் இருந்து உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே காட்டவேண்டும். திருநெல்வேலி வீட்டு வாடகையும் யாழ்ப்பாணத்து வங்கி வட்டியும் இதில் அடக்கம். இந்தியாவுடனும் இலங்கையுடனும் கனடாவுக்கு வரி உடன்படிக்கை இருக்கிறது. அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம், ரசீதை வைத்திருங்கள்.

வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த அடக்க விலை 100,000 கனேடிய டாலரைத் தாண்டினால் டி1135 என்ற படிவமும் தரவேண்டும். முதன்முறை குடியேறுபவருக்கு முதல் வருடம் இதிலிருந்து விலக்கு. உங்கள் சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் வீடு கணக்கில் வராது, வாடகைக்கு விட்டது வரும். இங்கே அடக்க விலை என்பது நீங்கள் கனடாவுக்கு வந்த நாளில் இருந்த சந்தை விலை. அப்பா 1985 இல் என்ன விலைக்கு வாங்கினார் என்பது இல்லை. ஆகையால் வரும்போதே காணிக்கு ஒரு மதிப்பீட்டுக் கடிதம் எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் விற்கும்போது லாபத்தையும் அந்த விலையில் இருந்துதான் கணக்கிடுவார்கள். படிவம் பிந்தினால் ஒரு நாளைக்கு 25 டாலர், 2,500 வரை ஏறும்.

730 நாள் என்கிறார்களே, அதை எப்படி எண்ணுவது?

பி.ஆரைத் தக்கவைக்க, ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் நேரில் இருக்கவேண்டும். தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. ஒரு நாளின் ஒரு பகுதி இங்கே இருந்தாலும் முழு நாளாக எண்ணப்படும். இரவு பத்து மணிக்கு விமானம் இறங்கினாலும் அந்த நாள் உங்களுடையது.

லாண்ட் ஆகி ஐந்து வருடம் ஆகாதவருக்கு, மிச்சமிருக்கும் காலத்தில் 730 ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். 2022 மே 1 இல் லாண்ட் ஆகிப் பத்து நாளில் சென்னைக்குத் திரும்பியவர், 2025 மே 1 இல் வந்து அசையாமல் இருந்தால் 2027 மே 1 க்குள் கணக்கை எட்டிவிடுவார். ஐந்து வருடம் தாண்டியவருக்கு வேறு மாதிரி: அதிகாரி கேட்கும் நாளில் இருந்து பின்னோக்கி ஐந்து வருடம் எண்ணுவார். இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதல் இரண்டு வருடம் இங்கே இருந்துவிட்டேன், கடமை முடிந்தது என்று நினைத்து ஊருக்குப் போய்விடுவார்கள். ஐந்தாம் வருடம் தாண்டிய பிறகு, ஒவ்வொரு நாள் விடியும்போதும் அந்தப் பழைய நாட்களில் ஒன்று கணக்கில் இருந்து கழன்று போகும்.

ஒரு கொப்பி போடுங்கள். போன தேதி, வந்த தேதி, விமானச் சீட்டு. பழைய கடவுச்சீட்டுகளையும் எறியவேண்டாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்து வருடத்தில் 1,095 நாள் காட்டவேண்டும், அதற்கும் இதே கொப்பிதான்.

என்ர மனுசன் கனடா சிற்றிசன். ரெண்டு பேரும் கொழும்பில இருந்தா நாள் எண்ணுப்படுமோ?

எண்ணப்படும். குடியுரிமை உள்ள கணவன் அல்லது மனைவியுடன் வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாட்கள் 730 இல் சேரும். பிள்ளைக்கு, குடியுரிமை உள்ள தாய் அல்லது தகப்பனுடன் இருந்தால் சேரும். ஆனால் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்குச் சான்று வேண்டும்: வாடகை ஒப்பந்தம், இருவரின் கடவுச்சீட்டு முத்திரைகள், பிள்ளையின் பள்ளிக் கடிதம். குடியுரிமைக்கான 1,095 நாளுக்கு இந்தச் சலுகை இல்லை.

அம்மம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு இங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போகிற குடும்பங்கள் கவனியுங்கள். உங்கள் நாட்கள் உங்களுக்கு மட்டும். பிள்ளைக்குத் தனிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கனடா கம்பெனிக்கு ஊரில் இருந்து லாப்டாப்பில் வேலை செய்கிறேன். அது சேருமா?

பெரும்பாலும் சேராது. சட்டம் கேட்பது, கனேடிய நிறுவனம் தன் முழுநேர ஊழியரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பிவைத்திருக்க வேண்டும் என்பது. நீங்களாகவே போய் அங்கிருந்து வேலை செய்வது அந்த வகையில் அடங்காது. நிறுவனம் அனுப்பியதாகக் கடிதம் இருந்தால் அதை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.

கார்ட் முடிஞ்சு போச்சு. நான் இப்ப சட்டவிரோதமா இருக்கிறேனா?

இல்லை. முதல் கேள்வியில் சொன்னதுதான். கனடாவுக்குள் வேலை செய்யலாம், படிக்கலாம், மருத்துவம் பார்க்கலாம். முடிவதற்கு ஒன்பது மாதத்துக்குள் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், கட்டணம் 50 டாலர்.

வெளிநாட்டில் இருக்கும்போது முடிந்தால் அல்லது தொலைந்தால்தான் சிக்கல். விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அங்குள்ள கனடா விசா அலுவலகம் ஊடாகப் பயணப் பத்திரம் எடுக்கவேண்டும், அதற்கும் 50 டாலர். அப்போது 730 நாள் கணக்கையும் பார்ப்பார்கள். ஆகவே செத்த வீடோ கலியாணமோ, சீட்டு எடுக்குமுன் கார்ட் முடியும் தேதியைப் பாருங்கள்.

அவர் ஸ்பொன்சர் பண்ணித்தான் வந்தனான். 'ஒரு ஃபோன் போதும், உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவன்' எண்டுறார். உண்மையோ?

பொய். சனிக்கிழமைகளில் மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்வி இது, அதனால் உரத்துச் சொல்கிறேன். நீங்கள் பி.ஆர். ஆகிவிட்டால், கணவரை விட்டுப் பிரிவதால் அது போகாது. 2012 அக்டோபர் முதல் சில தம்பதிகள் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தே ஆகவேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2017 ஏப்ரலில் அதை முற்றாக நீக்கிவிட்டார்கள். கலியாணமே பொய்யாகச் செய்யப்பட்டது என்றால் அது வேறு வழக்கு. உண்மையான கலியாணம் கெட்டுப்போனது குற்றம் இல்லை.

துணையை ஸ்பொன்சர் செய்தவர் மூன்று வருடம் செலவைப் பார்ப்பதாக அரசிடம் கையெழுத்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் நீங்கள் அரச உதவிப்பணம் எடுத்தால் கடன் அவர் தலையில் விழும். உங்கள் பி.ஆருக்கு அதனால் கேடில்லை. அடி, மிரட்டல் இருந்தால் 911 என்ற அவசர இலக்கத்தை அழையுங்கள். லாண்டிங் பேப்பரையும் கடவுச்சீட்டையும் அவர் பூட்டி வைத்திருந்தாலும் வெளியேறலாம், அவற்றுக்கு மாற்றுவழி இருக்கிறது. பி.ஆர். இன்னும் கிடைக்காமல் விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும் நிலை என்றால் மட்டும் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள், அதற்கு விடை வேறு.

விசா வந்த பிறகு, லாண்ட் ஆகிறதுக்கு முன்னாடி கல்யாணம் ஆயிடுச்சு. ஏஜென்ட் சொல்லவேண்டாம்னார். இப்ப மனைவியைக் கூப்பிட முடியுமா?

அந்த ஏஜென்ட் உங்களுக்குச் செய்தது பெரிய கெடுதல். லாண்ட் ஆகும் நாளில் உங்களுக்கு இருந்த மனைவியையோ பிள்ளையையோ அறிவிக்காமலும், பரிசோதனைக்கு உட்படுத்தாமலும் விட்டால், பிறகு அவர்களைக் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்பது விதி. கூட வராத பிள்ளையையும், முன்னைய துணையிடம் இருக்கும் பிள்ளையையும் சொல்லியிருக்க வேண்டும். மனிதாபிமான அடிப்படையில் விதிவிலக்குக் கேட்கலாம், ஆனால் மறைத்ததே உங்கள் சொந்த அந்தஸ்தையும் கேள்விக்குள்ளாக்கலாம். படிவம் போடுமுன் வழக்கறிஞர்.

இன்னும் லாண்ட் ஆகாதவர்கள் இதை வாசித்தால்: விமானம் ஏறுமுன் சொல்லுங்கள். சில மாதம் பிந்தும், அவ்வளவுதான்.

ஒருநாள் பார்ட்டியில குடிச்சிட்டு ஓடினவன், பொலிஸ் பிடிச்சிட்டுது. ஃபைன் கட்டினா முடிஞ்சுதுதானே?

முடியாது. 2018 டிசம்பர் 18 முதல் குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை பத்து வருடம் ஆக்கப்பட்டது. உச்சத் தண்டனை பத்து வருடமுள்ள குற்றம் குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமான குற்றம். நீதிபதி உங்களுக்கு அபராதம் மட்டும் விதித்தாலும் அந்த வகைக்குள் வந்துவிடுவீர்கள், நாடுகடத்தல் வரை போகலாம். ஊதிக் காட்ட மறுப்பதும் அதேதான். குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன், குற்றவியல் வழக்கறிஞரோடு குடிவரவு வழக்கறிஞரும் கோப்பைப் பார்க்கவேண்டும்.

அப்பா 1991 இல வந்தவர். லாண்டிங் பேப்பரைக் காணேல்லை, இப்ப பென்சன் எடுக்கவேணும்.

அந்தஸ்தை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டு விண்ணப்பிக்கலாம், 30 டாலர். முதியோர் ஓய்வூதியத்துக்கு 65 வயதும், 18 வயதுக்குப் பின் கனடாவில் பத்து வருட வதிவிடமும் வேண்டும். முழுத் தொகைக்கு நாற்பது வருடம். ஊரோடு போய் இருந்துகொண்டு எடுக்க விரும்பினால் இருபது வருடம் இங்கே வாழ்ந்திருக்கவேண்டும். எத்தனை வருடம் என்பதைக் காட்டத்தான் அந்தப் பேப்பரும் பழைய கடவுச்சீட்டுகளும்.

730 நாள் இல்லை. திரும்பி வந்தா ஏர்போர்ட்டிலயே பறிச்சுப்போடுவாங்களோ?

அந்த இடத்தில் வைத்துப் பறிக்க முடியாது. அந்தஸ்து இருக்கும்வரை உள்ளே வரும் உரிமை உண்டு. அதிகாரி கேள்வி கேட்டு அறிக்கை எழுதலாம். அது வெளியேற்ற ஆணையாக மாறினால், குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். வெளிநாட்டில் பயணப் பத்திரம் மறுக்கப்பட்டால் 60 நாள். மேன்முறையீடு முடியும்வரை நீங்கள் பி.ஆர்.தான். தாயின் நோய், பிள்ளையின் படிப்பு, ஏன் வர முடியவில்லை என்ற காரணம் எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக் கடிதங்களைச் சேர்த்து வையுங்கள்.

யாரும் அறிக்கை எழுதாமல் உள்ளே வந்துவிட்டால், கார்ட் புதுப்பிக்க ஓடாதீர்கள். 730 நாள் நிறையும்வரை வெளியே போகாமல் இருந்து, நிறைந்த பிறகு விண்ணப்பியுங்கள். ஆனால் அதிகாரி கேட்டால் பொய் சொல்லவே வேண்டாம். இல்லாத நாளைக் காட்டுவது, நாள் குறைவதைவிட மோசமான குற்றம். விமானத்தில் வெளியே போவதும் இப்போது பதிவாகிறது.

அகதிக் கேஸ் வெண்டு பி.ஆர். ஆனனான். அம்மா ஊரில சாகக் கிடக்கிறா. போயிட்டு வரலாமோ?

இந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு எனக்கு மிகவும் கனக்கும் விடை இது. 2012 டிசம்பரில் சட்டம் மாறியது. அகதியாகப் பாதுகாப்புப் பெற்றவர், எந்த நாட்டிடமிருந்து தப்பி வந்தாரோ அதன் பாதுகாப்பைத் தானாகவே மறுபடி நாடினார் என்று தீர்மானிக்கப்பட்டால், அகதி அந்தஸ்தோடு பி.ஆரும் சேர்ந்து போகும். முந்தைய கேள்வியில் சொன்ன மேன்முறையீட்டுப் பிரிவு இதற்கு இல்லை. சமஷ்டி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டு மறுஆய்வுக்குப் போகலாம், அவ்வளவுதான். எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தாலும், வீடு வாங்கி வரி கட்டினாலும், குடியுரிமை எடுக்கும்வரை இந்தக் கத்தி தலைக்கு மேலே தொங்கும்.

ஊருக்குப் போவது மட்டும் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும், அதில் இந்தியாவுக்கோ மலேசியாவுக்கோ போவதும் உங்களுக்கு எதிரான சாட்சியாக எடுக்கப்படலாம். கனடா தரும் அகதிப் பயணப் பத்திரத்தில் மற்ற நாடுகளுக்குப் போகலாம், தப்பி வந்த நாட்டுக்கு அது செல்லாது. பலர் சென்னையில் அல்லது திருச்சியில் தாயைச் சந்திப்பது இதனால்தான். அந்தப் பத்திரத்துக்கு இந்திய விசா கிடைக்க நேரம் எடுக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள். 1,095 நாள் நிறைந்திருந்தால் குடியுரிமைக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

ஏற்கெனவே போய் வந்துவிட்டீர்கள் என்றால், குடியுரிமைப் படிவத்தையோ கார்ட் புதுப்பிக்கும் படிவத்தையோ நீங்களாக நிரப்பாதீர்கள். இரண்டிலும் பயணங்களை எழுதவேண்டும், அதிலிருந்துதான் பல வழக்குகள் தொடங்கின. அகதி வழக்குகள் செய்யும் வழக்கறிஞரிடம் போங்கள். காசு இல்லாவிட்டால் ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பைக் கேளுங்கள். போகும்போது தாயின் மருத்துவக் கடிதம், மரணச் சான்றிதழ், எத்தனை நாள் எங்கே தங்கினீர்கள், யாருக்கும் தெரியாமல் உறவினர் வீட்டில் இருந்தீர்களா என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். குடும்ப ஸ்பொன்சரில் வந்தவர்களுக்கும் புள்ளிக் கணக்கில் வந்தவர்களுக்கும் இந்த ஆபத்து இல்லை. அவர்கள் போகிறார்கள் வருகிறார்கள் என்பதைப் பார்த்து நீங்கள் சீட்டுப் போடவேண்டாம்.